சுப்பராம தீட்சிதர்

சுப்பராம தீட்சிதர் (1839 - 1906) கருநாடக இசை அறிஞரும் பாடலாசிரியரும் எட்டயபுரம் அரசவை இசைவாணரும் ஆவார். முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகளையும், அவருக்கு முன்னும் பின்னும் வாழ்ந்த பலருடைய பாடல்களையும் சுர தாளக் குறிப்புடன் தொகுத்து, 1904 ஆம் ஆண்டில் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் நூலாக வெளியிட்டார். அதுவரை பெரிதும் வாய்மொழியாகவும் குடும்ப ஏடுகளிலும் வாழ்ந்த ஓர் இசை மரபு இந்நூலின் வழியே அனைவருக்கும் பொதுவானது.

குடும்பப் பின்னணி

சுப்பராம தீட்சிதரின் குடும்பம் திருவாரூரைச் சேர்ந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை இராமசாமி தீட்சிதர், 17 ஆம் நூற்றாண்டில் 72 மேளகர்த்தாக்களை வகுத்த வேங்கடமகியின் வழிவந்த ஆசிரியரிடம் இசை பயின்றவர். இதனால் வேங்கடமகியின் இராக இலக்கணம் இக்குடும்பத்தில் நிலைபெற்றது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அக்கருவியைக் கருநாடக இசையில் முதன்முதலாகக் கையாண்டவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் அவர் எட்டயபுரம் அரசவை இசைவாணரானார்.

எட்டயபுரம், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டி, பசுவந்தனை, விளாத்திகுளம் முதலிய ஊர்களைக் கொண்ட கரிசல் வட்டாரத்தில் அமைந்துள்ளது. வானம் பார்த்த இப்பூமியில் காவிரிக்கரை இசை வேரூன்றியதற்குப் பாலுசுவாமியின் வருகை ஒரு முக்கிய காரணமாகும். தம்பியைக் காணப் புறப்பட்ட முத்துசுவாமி தீட்சிதர், வழியில் வறண்டு கிடந்த நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷினி இராகத்தில் பாட மழை பெய்தது என்பது மரபுவழிச் செய்தி. அவர் 1835 ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய சமாதி அங்கு அட்டக்குளத்தின் அருகில் உள்ளது.

இளமை

பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரனாக 1839 இல் திருவாரூரில் பிறந்தவர் சுப்பராம தீட்சிதர். இயற்பெயர் பாலசுப்பிரமணியன். ஆண் வாரிசு இல்லாத பாட்டனார் பேரனையே மகனாகத் தத்தெடுத்து எட்டயபுரத்திற்கு அழைத்து வந்தார். பாட்டனாரிடம் வீணையும் இசை இலக்கணமும், பிற ஆசிரியர்களிடம் தெலுங்கும் வடமொழியும் கற்றார்.

பதினேழு வயதில் தர்பார் இராகத்தில் ஒரு தான வர்ணம் இயற்றினார். அது பாட்டனாரின் உதவியுடன் செய்யப்பட்டதோ என ஐயுற்ற மன்னர், யமுனா கல்யாணி இராகத்தில் ஒரு சதிசுரம் அமைக்குமாறு பணித்தார். இளைஞர் அச்சோதனையில் தேறிப் பரிசு பெற்றார். பாட்டனாருக்குப் பின் அரசவை இசைவாணர் பொறுப்பை ஏற்றார். தான வர்ணங்கள், சவுக்க வர்ணங்கள், கீர்த்தனைகள், இராகமாலிகைகள் எனப் பல வகைப் பாடல்களை இயற்றினார். சங்கராபரண இராகத்தில் அமைந்த சங்கராசார்யம் என்னும் கீர்த்தனை இன்றும் பாடப்படுகிறது.

நூல் உருவான வரலாறு

அக்காலத்தில் இசைக் குடும்பங்கள் தம்மிடமிருந்த அரிய பாடல்களை வெளியாருக்கு எளிதில் கொடுப்பதில்லை. மாணவர் பல ஆண்டுகள் பணிவிடை செய்து கற்றனர். வாரிசு இல்லாமல் போனாலோ ஏடுகள் செல்லரித்துப் போனாலோ பாடல்களும் அழிந்தன.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் ஒருவர் அ. மா. சின்னசாமி முதலியார். சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய இவர் ஒரு தமிழ்க் கிறித்தவர். கருநாடக இசைப் பாடல்களை ஐரோப்பிய இசைக் குறியீட்டில் எழுதி 1890களில் வெளியிட்டவர். இப்பணியில் தம் கைப்பொருளைச் செலவிட்டார், கண்பார்வையும் குன்றியது. 1899 இல் எட்டயபுரம் வந்த அவர், தீட்சிதரிடமிருந்த இசைச் செல்வம் முழுவதும் அச்சேற வேண்டும் என்று மன்னரிடம் வேண்டினார். தீட்சிதர் முதலில் தயங்கினார். மன்னர் செகவீரராம வெங்கடேசுவர எட்டப்பர் வற்புறுத்தவே இசைந்தார். நூல் வெளிவருமுன்பே முதலியார் காலமானார்.

அறுபது வயதைக் கடந்த தீட்சிதர் அடுத்த சில ஆண்டுகளை இப்பணிக்கே செலவிட்டார். அரண்மனைக்குரிய வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் நூல் அச்சிடப்பட்டு 1904 இல் வெளிவந்தது.

நூலின் அமைப்பு

நூலின் தொடக்கத்தில் 76 இசை அறிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளும் இசை இலக்கண விளக்கமும் உள்ளன. அடுத்து, வேங்கடமகி மரபின் 72 மேள வரிசைப்படி இராகங்கள் கூறப்படுகின்றன. இராகங்களுக்கு இலக்கணம், கீதம், கீர்த்தனைகள் ஆகியன தரப்பட்டு, இறுதியில் தீட்சிதரே இயற்றிய சஞ்சாரி இடம்பெறுகிறது. ஆகவே இது தொகுப்பு நூலாக இருப்பதோடு அவருடைய சொந்தப் படைப்பாகவும் விளங்குகிறது. எட்டயபுரம் மன்னர்கள் இயற்றிய பாடல்களும் இதில் உள்ளன.

சுரங்களை மட்டும் எழுதினால் இராகத்தின் உருவம் கிடைக்காது. ஒரு சுரத்தை அசைத்தும் வழுக்கியும் அழுத்தியும் பாடும் கமகங்களே அதற்கு உயிர் தருவன. கம்பிதம், சுபுரிதம், நொக்கு, சாரு முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளை இட்டு அச்சேற்றியது இந்நூலின் சிறப்பாகும்.

இறுதிக் காலம்

இசை தொடங்குவோருக்கான பிரதமாப்யாச புத்தகமு என்னும் பாடநூல் 1905 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சுப்பராம தீட்சிதர் மறைந்தார். எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதியார் அவருடைய மறைவுக்கு இரங்கற்பா எழுதினார்.

தாக்கம்

தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடம் பயின்ற நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர், முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்களைச் சென்னை இசை உலகில் பரப்பினார். தெலுங்கு எழுத்தில் இருந்ததால் தமிழ் மாணவர் பலருக்கு எட்டாதிருந்த நூலைச் சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் தமிழ் எழுத்தில் பல தொகுதிகளாக வெளியிட்டது.

முத்துசுவாமி தீட்சிதரின் பெயரில் இன்று வழங்கும் பாடல்கள் நானூறுக்கும் மேற்பட்டவை. இந்நூலில் இடம்பெறாதவற்றுள் எவை உண்மையில் அவருடையவை என்பது குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நூலில் உள்ள பாடல்களிலும் அச்சிட்ட வடிவமும் மேடையில் பாடப்படும் வடிவமும் சில இடங்களில் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளை ஆராய்வோருக்கு முதன்மைச் சான்றாக அமைவது எட்டயபுரத்தில் அச்சான இந்நூலே ஆகும்.