கைமணியும் வேதபோதகமும்: அர்ச். சவேரியார்

வியன்னா நகரத்துச் சித்திரசாலையில் பதினேழரை அடி உயரமுள்ள படமொன்று இருக்கிறது. கறுப்பு அங்கி தரித்த குருவானவர் ஒருவர் உயர்ந்த மேடைமீது நின்று, கையை உயர்த்திப் பிரசங்கிக்கிறார். கீழே குருடரும் முடவரும் திரண்டிருக்கிறார்கள். மரித்தவர் உயிர்பெற்று எழுகிறார். அந்தக் குருவானவர் அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார். ஆண்ட்வெர்ப் நகரத்துச் சேசு சபைக் கோயிலின் பெரிய பீடத்துக்கென, 1617-ம் ஆண்டையொட்டி அதை வரைந்தவர் ரூபன்ஸ் என்னும் பேர்பெற்ற சித்திரக்காரர். அவர் இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்லர். நம் தமிழ்க் கடற்கரையில் சவேரியார் போதித்த விதமோ வேறு.

சவேரியார் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி நவார் நாட்டில் பிரபு குலத்தில் பிறந்தார். பாரீஸ் சர்வகலாசாலையில் படித்து, பேரும் பதவியும் தேடியவரை அர்ச். இஞ்ஞாசியாரின் நட்பு மாற்றியது. 1534-ல் தேவமாதாவின் ஆரோபணத் திருநாளன்று, மோன்மார்த்தர் குன்றில் அவரும் தோழர்களும் தங்களைச் சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுத்தார்கள். 1541-ல் லிஸ்பனில் கப்பலேறி, பதின்மூன்று மாதப் பிரயாணத்துக்குப்பின் 1542 மே 6-ந் தேதி கோவா சேர்ந்தார். அவ்வருஷமே முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

அங்கே பரதவர் ஏறக்குறைய 20,000 பேர் சில வருஷங்களுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்கள் பாஷையில் வேதம் கற்பிக்க ஆளில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு பாஷையும் அறிந்த சிலரைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம் ஆகியவற்றை வெகு பிரயாசையோடு தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கைமணி ஒன்றை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய் அடித்துச் சென்று, சிறுவரையும் பெரியவர்களையும் கூட்டினார். தினம் இரண்டு வேளை ஞானோபதேசம் நடந்தது. கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய்தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்கவேண்டும் என்பது அவர் கட்டளை. வியாதிக்காரரிடமும் ஜெபம் சொல்லச் சிறுவரையே அனுப்பினார். ஊர்தோறும் மந்திரங்களை எழுதிவைக்கச் செய்தார்.

அந்த மொழிபெயர்ப்பில் பிழையும் இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் நின்றது. 1544-ல் அதை அறிந்தபோது, சவேரியார் மறைக்கவில்லை, வெட்கப்படவுமில்லை. வேணும் என்பதை நீக்கி விசுவாசம் என்னும் சொல்லை வைக்கும்படி உடன் ஊழியருக்கு எழுதியனுப்பினார். பிழை திருந்தியது, போதகம் நிற்கவில்லை.

மலாக்கா, மொலுக்கா, ஜப்பான் என்று தொலைதேசங்களிலும் அவர் வேதம் போதித்தார். சீனாவுக்குள் நுழையக் காத்திருக்கையில், 1552 டிசம்பர் 3-ந் தேதி சான்சியன் தீவில் உயிர்விட்டார். அப்போது அவருக்கு வயது 46. திருச்சபை 1622-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தது.

பெற்றோரே, பிள்ளைக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்க எங்களுக்குப் படிப்புப் போதாது என்று பின்வாங்குகிறோம். சவேரியாருக்கு இருந்த தமிழைவிட நமக்குத் தமிழ் அதிகமே தெரியும். வேங்கிக்காலில் நம் வீடுகளில் இன்று மாலை விளக்கேற்றியதும் பிள்ளைகளை அருகே அழைப்போம். கைமணிகூட வேண்டியதில்லை; தாயின் குரல் போதும்.