கால்நடை நோயியல் அறிஞர் தியோபால்ட் ஸ்மித்

உழவை நம்பி வாழும் நாட்டில் மாடே குடும்பத்தின் செல்வமாகும். அச்செல்வம் நோயுற்று மாளும்பொழுது, மாண்டதன் காரணத்தை ஆராய்ந்து எஞ்சிய மந்தையைக் காக்கும் அறிவுத்துறையே கால்நடை நோயியல். இறந்த விலங்கின் உடலைத் திறந்து, உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, இரத்தத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து உண்மை காண்பவரே அத்துறை வல்லுநர். அவ்வல்லுநர்களுள் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர் அமெரிக்கரான தியோபால்ட் ஸ்மித்.

ஸ்மித் 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள்; தந்தை தையல் தொழிலாளி. இளமையிலேயே இசை பயின்ற ஸ்மித், கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தபொழுது வழிபாட்டுக் கூடத்தில் ஆர்கன் வாசித்துப் படிப்புச் செலவுக்குப் பொருள் தேடினார். 1881இல் அங்குப் பட்டமும், 1883இல் ஆல்பனி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டமும் பெற்றார். மருத்துவராக அமர்ந்து பொருளீட்டும் வழி அவருக்கு எளிதாகவே இருந்தது. அவரோ, வாஷிங்டனில் 1884இல் நிறுவப்பட்ட அரசுக் கால்நடைத் துறையின் ஆய்வுப் பணியை ஏற்றார்.

நுண்ணுயிர் ஆய்வு அந்நாளில் பிறந்த குழந்தை. அதைக் கற்றுத்தர அமெரிக்காவில் ஆசிரியர் அரியர். வீட்டில் பேசிய ஜெர்மன் மொழி ஸ்மித்துக்குக் கைகொடுத்தது. காக் முதலிய ஜெர்மானிய அறிஞர்களின் கட்டுரைகளைத் தாமே படித்து, அம்முறைகளைத் தாமே செய்து பழகித் தேர்ந்தார். நோயுற்ற பன்றிகளிடமிருந்து 1885இல் அவர் பிரித்தெடுத்த கிருமியின் இனம், பிற்காலத்தில் அவருடைய துறைத்தலைவர் சால்மனின் பெயரால் சால்மொனெல்லா என்றே வழங்கலாயிற்று. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர். ஆயினும் ஸ்மித் தம் பணியில் தளரவில்லை.

அக்காலத்தில் அமெரிக்காவின் மாட்டுச் செல்வத்தை அழித்துவந்தது டெக்சாஸ் காய்ச்சல். தென்மாநில மாடுகள் வடக்கே ஓட்டிச் செல்லப்படும். அவற்றிற்கு ஒரு நோயும் இராது. ஆனால் அவை மேய்ந்த நிலத்தில் மேயும் வடபுலத்து மாடுகள் சில வாரங்கள் கழித்துக் கடுங்காய்ச்சல் கண்டு, சிறுநீர் இரத்த நிறமாகி மடிந்துவிடும். உமிழ்நீர், சாணம் முதலியவற்றால் புல் நஞ்சாவதே காரணம் எனப் பலர் கருதினர். மாடு மேய்ப்போர் மட்டும், உண்ணியே காரணம் என்று சொல்லிவந்தனர். எழுத்தறியாதார் பேச்சென்று கற்றவர்கள் அதை எள்ளினர்.

ஸ்மித் அதை எள்ளவும் இல்லை, அப்படியே நம்பவும் இல்லை, சோதித்துப் பார்த்தார். 1889ஆம் ஆண்டுக் கோடையில் வாஷிங்டனை அடுத்த ஆய்வுப் பண்ணையில், கால்நடை மருத்துவர் கில்போர்னின் துணையோடு அச்சோதனை தொடங்கியது. ஒரு வேலிக்குள் உண்ணியுள்ள தென்புலத்து மாடுகளை வடபுலத்து மாடுகளோடு விட்டனர். இன்னொரு வேலிக்குள், உண்ணிகளை ஒன்றுவிடாமல் கையால் பிடுங்கிய பின்பே தென்புலத்து மாடுகளை விட்டனர். பிறிதொரு நிலத்தில் தென்புலத்து மாடே இல்லை. உண்ணிகளை மட்டும் பரப்பினர். உண்ணி இருந்த நிலங்களில் வடபுலத்து மாடுகள் நோயுற்றன. உண்ணி நீக்கப்பட்ட இடத்தில் நோய் தோன்றவில்லை.

நோயில் மடிந்த மாடுகளின் உடலை ஸ்மித் திறந்தார். மண்ணீரல் பருத்திருந்தது. இரத்தச் சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவில் இரட்டை இரட்டையாக நுண்ணுயிரிகள் இருக்கக் கண்டார். அவை அணுக்களைச் சிதைப்பதாலேயே சிறுநீர் சிவந்தது. பின்னர், ஆய்வுக்கூடத்தில் முட்டையிலிருந்து பொரித்த உண்ணிக் குஞ்சுகளை மாட்டின்மேல் விட்டார். அதற்கும் நோய் வந்தது. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்கும் கிருமி செல்வது புலனாயிற்று. உண்ணி உதிர்ந்து முட்டையிட்டு, குஞ்சு பொரித்து மாட்டின்மேல் ஏறுவதற்கு ஆகும் காலமே நோய் தோன்றுவதற்குமுன் கழியும் வாரங்கள் என்பதும் விளங்கிற்று.

1893இல் வெளிவந்த இம்முடிவு, கணுக்காலியினத்தைச் சார்ந்த சிற்றுயிர்களால் நோய் பரவும் என்பதற்கு உறுதியான தொடக்கச் சான்றாயிற்று. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவினுள் மலேரியாக் கிருமியைக் கண்டது இதன் பின்னரே. 1906இல் தொடங்கிய உண்ணி ஒழிப்பு இயக்கம், மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கியெடுத்து, 1943க்குள் மெக்சிகோ எல்லைப்புறம் நீங்கலாக அமெரிக்காவை அந்நோயினின்று விடுவித்தது.

ஸ்மித் 1896இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டு நோயியல் பேராசிரியரானார். மாட்டுக் காசநோய்க் கிருமியும் மனிதக் காசநோய்க் கிருமியும் வெவ்வேறு வகையின என்று 1898இல் நிறுவினார். பிற்காலத்தில் பிரின்ஸ்டனில் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தின் விலங்கு நோயியல் துறைக்குத் தலைமை தாங்கி, 1929இல் ஓய்வு பெற்றார். 1933இல் இலண்டன் ராயல் கழகத்தின் காப்ளி பதக்கம் அவரைத் தேடிவந்தது. 1934 டிசம்பர் 10ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இவ்வறிஞர் வரலாற்றில் நம் சமுதாயத்து இளைஞர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஊரில் செத்த மாட்டை அகற்றும் வேலை நம் முன்னோர்மீது சுமத்தப்பட்டது. அந்த வேலையைக் காட்டியே அவர்களைத் தீண்டத்தகாதவர் என்றனர். 1927இல் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டிறைச்சியைக் கைவிடுமாறு நம் மக்களை அறிவுறுத்தினார். கட்டாயத்தையும் இழிவையும் உதறியது நேரிய செயலே. அதே செத்த மாட்டின் உடலைத் தொட்டுத் திறந்துதான் ஸ்மித் உலகப்புகழ் எய்தினார். இழிவு அவ்வுடலில் இல்லை. தொட்ட கையிலும் இல்லை. கூலியும் கல்வியும் மறுத்து அவ்வேலையைப் பிறப்போடு கட்டிவைத்த கொடுமையிலேதான் இழிவு இருந்தது. ஈரலும் மண்ணீரலும் எங்கள் பாட்டன்மார் கண்ணில் நாளும் பட்டவை. அவற்றைப் படித்தறியும் நுண்ணோக்கிதான் அவர்களுக்கு எட்டாதிருந்தது.

இன்று அது எட்டும் தொலைவில் உள்ளது. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் பிற கல்லூரிகளிலும் இளநிலைப் படிப்பை முடித்தோர், நோயியலில் மேற்பட்டம் பெறலாம். ஆய்வுக்கூடங்களிலும் தடுப்பூசி நிலையங்களிலும் கல்லூரிகளிலும் அவ்வல்லுநர்க்குப் பணி உண்டு. பழைய அவமானத்தை அஞ்சி நம் பிள்ளைகள் இத்துறையை ஒதுக்கிவிடலாகாது. சுமையாகத் தரப்பட்டதை விட்டொழித்தோம். அறிவாகக் கிடைப்பதை உரிமையோடு பற்றிக்கொள்வோம்.