எண்ணெய் வழியே சக்தி அனுப்பியவர்

கிளட்ச் பெடல் இல்லாத பல ஆட்டோமேட்டிக் கார்களில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே சக்தியைக் கொண்டுபோவது எண்ணெய்தான். ஆட்டோமொபைல் பிரிவு மாணவனான நான் டார்க் கன்வெர்ட்டர் படத்தை எத்தனையோ தடவை வரைஞ்சாச்சு. கண்டுபிடிச்சவர் யாருன்னு தேடினப்போ கிடைத்த பெயர், ஹெர்மன் ஃபோட்டிங்கர்.

1877-ல் ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் பிறந்தவர். மியூனிக்கில் மின்பொறியியல் படித்துவிட்டு, ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு சிக்கல். நீராவி டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் திறன். கப்பலின் புரொப்பெல்லரோ மெதுவாகச் சுற்றினால்தான் திறன். அவ்வளவு சக்தியைத் தாங்கும் பல்சக்கரம் அப்போ கிடையாது. ஒரு பம்ப், ஒரு டர்பைன், நடுவே குழாய் என்று வைத்தால் வழியிலேயே நிறைய சக்தி போயிடும். அவர் குழாயையே எடுத்துவிட்டு, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் நெருக்கி வைத்தார். கூடவே சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டர். அது திரவத்தைத் திருப்பிவிடுவதால் டார்க் கூடும். 1905-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது வயசு 28!

ஆனா பாருங்க, கப்பலில் இது நிலைக்கலை. இழப்பு குறைந்த நல்ல பல்சக்கரங்கள் வந்ததும் ஒதுக்கிட்டாங்க. அவர் 1909-ல் டான்சிக்கிலும் 1924-ல் பெர்லினிலும் பேராசிரியரானார்.

கப்பலில் அவர் பயன்படுத்தியது தண்ணீர். காரில் எண்ணெய், அதுவே சக்தியைக் கடத்தணும், உள்ளே கிளட்ச்சுகளை அழுத்தணும், பல்சக்கரங்களுக்கு மசகாகணும், சூட்டையும் எடுத்துப்போகணும். கன்வெர்ட்டரில் இழக்கும் சக்தி முழுக்கச் சூடாக மாறி எண்ணெயைத்தான் வாட்டும். புதுசில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும் எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேய்கின்றன என்று சந்தேகப்படணும். டிப்ஸ்டிக் உள்ள பல வண்டிகளில் எஞ்சின் சூடேறி ஓடும்போதே அளவு பார்க்கணும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் வடிந்து, அளவு கூடுதலாகக் காட்டும். எஞ்சின் ஆயில் பார்க்கிற பழக்கத்தில் நம்ம பசங்க தடுமாறுவது இங்கேதான்!

1939-ல் அமெரிக்காவில் ஹைட்ராமேட்டிக் கியர்பெட்டி வந்தது. அதில் இருந்தது ஸ்டேட்டர் இல்லாத எளிய வடிவமான திரவக் கப்ளிங். டார்க் கன்வெர்ட்டரோடு ப்யூக் கம்பெனியின் டைனாஃப்ளோ வந்தது 1948-ல். அதை ஃபோட்டிங்கர் பார்க்கவில்லை. 1945 ஏப்ரல் 28-ல், பெர்லின் தெருக்களில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, குண்டுச் சிதறல் பட்டு இறந்துபோனார். ஐரோப்பாவில் போர் முடிய இன்னும் பத்தே நாள்தான் இருந்தது.