ஆனந்த குமாரசுவாமி: தாயகம் ஏற்காத அரும்பொருட் செல்வம்

1815 ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அதன் இறுதி மன்னனிடமிருந்து கைப்பற்றப்பட்ட அரச அணிகலன்கள் 1820 ஆம் ஆண்டு இலண்டனில் ஏலத்தில் விடப்பட்டன. ஒரு நாட்டின் அரசுரிமைச் சின்னங்கள், பொன்னின் நிறையும் மணிகளின் எண்ணிக்கையும் பார்த்து விலைகூறப்படும் பண்டங்களாயின. அந்த ஏலம் நடந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், இத்தகைய அரும்பொருட்களை முற்றிலும் வேறான கண்கொண்டு நோக்கிச் சேகரித்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவரது பெயரை விழா மேடைகளில் நாம் பெருமையோடு உச்சரிக்கின்றோம். அவர் தேடித் திரட்டிய செல்வம் எங்கே சென்றது, ஏன் சென்றது என்ற வினாவை மட்டும் எழுப்புவதில்லை.

குமாரசுவாமி குடும்பத்தின் வேர் வடமராட்சியிலே உள்ளது. அவரது பாட்டனார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார் பருத்தித்துறையை அடுத்த கெருடாவிலில் பிறந்து, கொழும்பு சென்று உயர்பதவி வகித்தவர். 1835 ஆம் ஆண்டு சட்டநிரூபண சபையில் தமிழருக்கான இடம் அவருக்கே கிடைத்தது. தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி 1863 ஆம் ஆண்டு இலண்டனில் பாரிஸ்டரானவர். அரிச்சந்திரன் கதையையும் பாளி மொழிப் பௌத்த நூல்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய தமக்கையின் புதல்வர்கள். தாயார் எலிசபெத் கிளே பீபி ஆங்கிலப் பெண்மணி. 1877 ஆகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்த அவர், தாயின் அரவணைப்பில் இங்கிலாந்திலேயே வளர்ந்தார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் கற்றது கலையன்று. புவியியற் பாறைகளும் தாவரங்களுமே அவரது பாடங்கள். 1903 ஆம் ஆண்டு இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். தோரியனைட் என்ற கனிமத்தை 1904 இல் கண்டறிந்த பெருமையும் அவருக்குண்டு. பாறைகளைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களிலே திரிந்தவேளையில்தான் வேறொன்று அவரது கண்ணில் பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவந்த கம்மியர், தச்சர், ஓவியர், நெசவாளர் ஆகியோர் ஆதரிப்பாரின்றி நலிந்துகொண்டிருந்தனர். இறக்குமதிப் பொருட்கள் சந்தையை நிறைத்தன. பழைய வீடுகளிலும் விகாரைகளிலும் இருந்த பித்தளை, தந்த வேலைப்பாடுகளைப் பயணிகளும் வியாபாரிகளும் அற்ப விலைக்கு வாங்கிச் சென்றனர்.

அதிகாரத்திலிருந்தோர் இப்பொருட்களை எவ்வாறு நோக்கினர் என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே ஒரு சான்றுண்டு. கெருடாவிலுக்கு அதிக தொலைவில்லாத வல்லிபுரத்திலே பழைய புத்தர் சிலையொன்று கண்டெடுக்கப்பட்டிருந்தது. குமாரசுவாமி இலங்கையிற் பணிபுரிந்த 1906 ஆம் ஆண்டில், ஆளுநர் சேர் ஹென்றி பிளேக் அதனைச் சீயம் நாட்டு மன்னருக்கு அன்பளிப்பாக வழங்கினார். குடாநாட்டு வரலாற்றின் ஒரு சாட்சியம் இவ்வாறு கடல்கடந்து போயிற்று.

குமாரசுவாமி தமது மனைவி எதெலுடன் ஊரூராகச் சென்று கலைப்பொருட்களைச் சேகரித்தார், கலைஞரிடம் கேட்டறிந்தார், எதெல் நிழற்படங்கள் எடுத்தார். பொருளின் பெயர், செய்தவர் மரபு, செய்யும் முறை, அதன் பயன் ஆகிய யாவும் குறித்துவைக்கப்பட்டன. இவ்வுழைப்பின் பயனாக 1908 ஆம் ஆண்டு இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. வில்லியம் மொரிஸ் தமது நூல்களை அச்சிட்ட அச்சியந்திரத்திலேயே, 425 பிரதிகள் மட்டும் அச்சிடப்பட்டன. தமிழ்க் குடும்பமொன்றின் மைந்தர் சிங்களக் கலைக்கு அளித்த இக்கொடையை இன, மத எல்லைகளால் அளந்துவிட முடியாது.

அடுத்து அவரது பார்வை இந்தியாவின்மீது சென்றது. இராஜபுத்திர அரசுகளிலும் பஞ்சாப் மலைநாடுகளிலும் வரையப்பட்ட சிற்றோவியங்கள் அக்காலத்தில் எவராலும் பெரிதாக மதிக்கப்படவில்லை. முகலாய ஓவியத்தின் தாழ்ந்த சாயல்களாகவே அவை கருதப்பட்டன. குமாரசுவாமி வட இந்திய நகரங்களில் அலைந்து அவற்றைத் தேடி வாங்கினார். அலகாபாத்தில் 1910-11 இல் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியின் கலைப்பிரிவை ஒழுங்குசெய்யும் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. தாம் சேர்த்தவற்றை ஒப்புநோக்கி ஆராய்ந்து, இராஜபுத்திர ஓவியம் தனக்கெனத் தனி மரபுடையது என்பதை 1916 ஆம் ஆண்டு இரு தொகுதிகளில் நிலைநாட்டினார். பெயரற்றுக் கிடந்த ஓவியங்கள் அதன் பின்னரே உலகின் கவனத்தைப் பெற்றன. அவற்றின் சந்தை விலை உயர்ந்ததும் அதன் பின்னரே.

இவ்விடத்தில்தான் எமது வினாவுக்குரிய விடை தொடங்குகின்றது. தமது சேகரிப்பை விற்றுப் பொருளீட்ட அவர் முதலில் எண்ணவில்லை. காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமைக்கப்படுமாயின் அதற்குத் தமது சேகரிப்பை வழங்க முன்வந்தார். அதற்கான நிதி திரளவில்லை. செல்வந்தரும் சமஸ்தானங்களும் நிறைந்த நாட்டில் அந்த நூதனசாலை எழவேயில்லை. முதலாம் உலகப்போர் மூண்டபோது பிரித்தானியப் படையிற் சேர மறுத்த அவருக்கு இங்கிலாந்து வாழ்வும் கசந்தது. 1917 ஆம் ஆண்டு டென்மன் ரொஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் அச்சேகரிப்பின் பெரும்பகுதியை வாங்கிப் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்கு அளித்தார். பொருட்களோடு அவற்றை அறிந்தவரும் சென்றார். அந்த நூதனசாலையின் இந்தியக் கலைப்பிரிவுக்குக் குமாரசுவாமியே காப்பாளரானார்.

முப்பது ஆண்டுகள் அவர் அங்கே பணியாற்றினார். சேகரிப்புகளுக்கு விரிவான விவரப்பட்டியல்களைத் தொகுத்தார். பின்னாளில் இந்திய, பாரசீக, முஸ்லிம் கலைகளுக்கான ஆய்வாளராகப் பதவி வகித்தார். இஸ்லாமியக் கலைக்கு அவர் ஆற்றிய பணி எம்மவரிடையே போதிய அளவு அறியப்படவில்லை. 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியார்பக்கிரில் வாழ்ந்த அல் ஜஸரி என்ற பொறியியல் மேதை, நீர்க்கடிகாரங்களையும் தானியங்கிப் பொறிகளையும் விளக்கி அரபு மொழியில் நூலொன்றை ஆக்கினார். அந்நூலின் 14 ஆம் நூற்றாண்டுப் பிரதியொன்றிலிருந்து ஓவிய ஏடுகள் பிரித்தெடுக்கப்பட்டு, வியாபாரிகள் வழியாகப் பல சேகரிப்புகளிற் சிதறின. பொஸ்டனை அடைந்த ஏடுகளை மற்றவற்றோடு சேர்த்து ஆராய்ந்து 1924 ஆம் ஆண்டு குமாரசுவாமி ஒரு நூல் வெளியிட்டார். சந்தை பிரித்த ஏடுகளை அறிவினால் ஒன்றுசேர்க்கும் முயற்சி அது. முகலாய ஓவியங்களுக்கு 1930 இல் தனித்தொகுதி கண்டார். பாரசீக, முகலாயக் கலைகளிற் காணப்படும் ஹிள்ர் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் உருவகத்தைப் பற்றியும் ஆழ்ந்த கட்டுரை வரைந்தார்.

நடராஜ வடிவத்தின் உட்பொருளை அவர் விளக்கிய கட்டுரை 1912 இல் சித்தாந்த தீபிகையில் வெளிவந்து, 1918 ஆம் ஆண்டு நூலாக உலகைச் சுற்றிவந்தது. சோழர் காலச் செப்புத்திருமேனியை வெறும் உலோக வேலைப்பாடாகக் கண்டவர்களுக்கு அதன் தத்துவத்தை உணர்த்தியவர் அவரே. வழிபாட்டுக்கும் வாழ்வுக்குமாகச் செய்யப்பட்ட பொருளை அதன் பயனிலிருந்து பிரித்து, அழகுப் பண்டமாக மட்டும் இரசிப்பதை அவர் ஏற்கவில்லை. வீடிழந்த பொருட்களுக்கான புகலிடமே நூதனசாலை என்பது அவரது கருத்து. இறந்த கலைஞனின் படைப்புக்குப் பெருவிலை கொடுத்துவிட்டு, வாழும் கலைஞனைப் பட்டினியிடும் சமுதாயத்தை அவர் கடுமையாகக் கண்டித்தார். 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி, தாயகம் திரும்பும் விருப்பம் நிறைவேறாமலே, மெசாச்சுசெட்ஸ் மாநிலத்தில் அவர் காலமானார்.

அவரது சேகரிப்பு கடல்கடந்தது இழப்புத்தான். ஆயினும் நாம் மற்றொன்றையும் நேர்மையோடு எண்ணிப்பார்க்க வேண்டும். 1981 ஜூன் முதலாம் திகதி விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. ஆனந்த குமாரசுவாமியின் ஆக்கங்களும் அத்தீயில் அழிந்தவற்றுள் அடங்கும். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, சில மணி நேர அவகாசத்தில் வீடுகளையும் உடைமைகளையும் கைவிட்டுச் சென்றனர். நகைகள் பறிக்கப்பட்டன. பரம்பரையாகப் பேணிய கிதாபுகளும் பாத்திரங்களும் உறுதிகளும் பின்னர் எவர் கைக்குச் சென்றன என்பதற்குக் கணக்கில்லை. தொடர்ந்த போரின் இடப்பெயர்வுகளில் தமிழ்க் குடும்பங்களும் இவ்வாறே இழந்தன. பொஸ்டனில் பாதுகாக்கப்பட்ட ஓவியங்கள் எமது மண்ணில் இருந்திருப்பின் எஞ்சியிருக்குமா என்று கேட்பவருக்கு எம்மிடம் எளிதான மறுமொழி இல்லை.

ஆயினும் அதனைச் சாட்டாகக் கொண்டு எஞ்சியவற்றையும் விற்றுவிடலாகாது. இன்று இலண்டனிலும் நியூயோர்க்கிலும் கீழைத்தேய அரும்பொருட்கள் ஏலமிடப்படுகின்றன. முறையான வழியில் வந்தவையும் அவற்றில் உண்டு, திருடப்பட்டவையும் கலந்துவிடுகின்றன. தமிழ்நாட்டின் சிறீபுரந்தான் ஆலயத்திலிருந்து களவுபோன நடராஜர் திருமேனியை 2008 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வியாபாரி ஒருவரிடம் வாங்கி, 2014 இல் இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. பொருள் எங்கிருந்தது, எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது என்ற பதிவு இருந்தாலே உரிமையை நிலைநாட்டலாம். எமது நாட்டிலும் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருட்களை வெளியே கொண்டுசெல்வதைத் தடைசெய்கின்றது. சட்டம் காவல் நிற்பதற்கு முன்னர் வீட்டுக்காரரின் விழிப்பு வேண்டும்.

வீட்டு மூலையில் கிடக்கும் பழைய குத்துவிளக்கு, செப்பேடு, ஏட்டுச்சுவடி, அரபுத்தமிழ் கிதாபு, பழம் நாணயம் ஆகியவற்றைப் பழைய சாமான் வியாபாரிக்கு நிறுத்துக் கொடுக்குமுன் ஒரு நிழற்படம் எடுத்து, அறிந்த விவரங்களை எழுதிவைப்பது பெருஞ்செலவான காரியமன்று. நல்லூர் நூதனசாலையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் எம் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. ஆலய அறங்காவலரும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் தத்தம் பொறுப்பிலுள்ள பழம்பொருட்களுக்குப் பட்டியல் தயாரிக்கலாம். கலாயோகியின் நாட்களில் கொடுக்க ஒருவர் இருந்தார். ஏற்க ஒரு வீடு இருக்கவில்லை. அந்த வீட்டை அமைப்பது இனி எமது பொறுப்பாகும்.