நிறத்தைச் சாட்சியாக்கிய ராபர்ட் பாயில்

பள்ளிக்கூட ஆய்வகத்தில் நீல லிட்மஸ் தாள் எலுமிச்சைச் சாறு பட்டதும் சிவந்து போனதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். நிறத்தை வைத்து அமிலமா, காரமா என்று அறியும் இந்த வழியை வேதியியலின் பொதுவான சோதனையாக நிலைநிறுத்தியவர் ராபர்ட் பாயில். வாயுக்களைப் பற்றிய பாயில் விதியால் அவருடைய பெயரை அறிந்திருக்கும் நாம், இந்தப் பணிக்காக அவரை நினைப்பது அரிது.

1627 ஜனவரி 25 அன்று அயர்லாந்தின் லிஸ்மோர் கோட்டையில் அவர் பிறந்தார். தந்தை கார்க் பகுதியின் பிரபு, பெரும் செல்வந்தர். அவருடைய பதினான்காவது பிள்ளை ராபர்ட். மூன்று வயதிலேயே தாயை இழந்தார். பேச்சில் திக்கலும் இருந்தது. ஈட்டன் பள்ளியில் படித்த பிறகு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். ஜெனீவாவில் தங்கியிருந்தபோது ஓர் இரவு இடி மின்னலால் ஏற்பட்ட அச்சம் அவரை இறைவன்பால் திருப்பியது. அதன்பின் இறுதிவரை பக்தியுள்ள கிறிஸ்தவராகவே வாழ்ந்தார்.

1650களின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறி ஆய்வுகளில் ஈடுபட்டார். அன்றைய வேதியியலாளர்களிடம் ஒரு குழப்பம் இருந்தது. காரத்தோடு சேர்ந்து நுரைத்தால் அது அமிலம் என்றார்கள். அமிலத்தோடு சேர்ந்து நுரைத்தால் அது காரம் என்றார்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விளக்கும் இந்த வட்டத்துக்குள் தெளிவு பிறக்கவில்லை. இரண்டுக்கும் வெளியே நின்று சாட்சி சொல்லும் ஒரு பொருள் தேவைப்பட்டது.

அந்தச் சாட்சி மருந்துக் கடையிலேயே இருந்தது. யூனானி மருத்துவத்தில் பனஃப்ஷா எனப்படும் வயலட் பூவிலிருந்து எடுத்த நீல சிரப்தான் அது. ஒரு சொட்டு சிரப்பை வெள்ளைத் தாளில் விட்டு, அதன் மேல் வினிகர் போன்ற அமிலத்தைச் சேர்த்தார். நீலம் சிவப்பானது. மரச்சாம்பலிலிருந்து எடுத்த உப்பின் கரைசலைச் சேர்த்தபோது பச்சையானது. சில பொருள்கள் எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. அமிலமும் இல்லாத, காரமும் இல்லாத மூன்றாம் வகை ஒன்று உண்டு என்பது இதனால் தெளிவானது. 1664-இல் நிறங்கள் பற்றி அவர் வெளியிட்ட நூலில் இவை இடம்பெற்றன.

பூச்சாறு நிறம் மாறுவதை மருந்து செய்வோரும் சாயமிடுவோரும் முன்பே கண்டிருந்தார்கள். பாயில் அதைப் பல பொருள்களில் சோதித்து, யாரும் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய அளவுகோலாக மாற்றினார். எல்லாப் பொருள்களையும் அமிலம், காரம் என்ற இரண்டிலேயே அடக்க முயன்றவர்களை மறுத்து 1675-இல் எழுதவும் செய்தார்.

நிறம் ஏன் மாறுகிறது என்பது அவர் காலத்தில் விளங்கவில்லை. பூவின் நிறமி ஹைட்ரஜன் அயனியை ஏற்கும்போதும் இழக்கும்போதும் அதன் மூலக்கூறு அமைப்பு மாறுகிறது. அதனால் அது உறிஞ்சும் ஒளியும் மாறுகிறது. அமிலத்தன்மையை எண்ணால் குறிக்கும் பிஹெச் அளவீட்டை டென்மார்க்கின் சோரன்சன் 1909-இல்தான் தந்தார்.

இந்த வரலாற்றில் நம்மைத் தொடும் இடங்கள் இரண்டு. காரத்தைக் குறிக்கும் அல்கலி என்ற சொல், தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சிரப் என்பதும் ஷராப் என்ற அரபுச் சொல்லின் வழித்தோன்றலே. அரபு மொழியில் வளர்ந்த மருத்துவமும் ரசாயனமும் ஐரோப்பாவுக்குச் சென்ற பாதையை இச்சொற்கள் இன்றும் காட்டுகின்றன.

மற்றொன்று சற்றுக் கசப்பானது. கிறிஸ்தவத்தை நிறுவும் நூல் ஒன்று அரபியில் மொழிபெயர்க்கப்பட பாயில் பொருளுதவி செய்தார். தம் உயிலில் அவர் ஏற்படுத்திய சொற்பொழிவுகள் நாத்திகர்களோடு முஸ்லிம்களையும் மறுப்பதற்கானவை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதற்காக அவருடைய அறிவுப் பணியைக் குறைத்துச் சொல்வதும் நீதியாகாது. கருத்து வேறுபாடு உள்ளவரைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லத்தானே நாம் கடமைப்பட்டிருக்கிறோம்!

1680-இல் ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தபோது, அதற்கான சத்தியப் பிரமாணத்தில் மனம் ஒப்பாததால் அதை மறுத்துவிட்டார். 1691 டிசம்பர் 31 அன்று, தம்முடன் வாழ்ந்த சகோதரி கேத்தரின் இறந்து ஒரு வாரத்தில், லண்டனில் காலமானார்.

கேட்டதை எல்லாம் நம்பிப் பரப்பும் வேகம் மிகுந்துவிட்ட காலத்தில் நாம் வாழ்கிறோம். கையில் வந்த ஒவ்வொன்றையும் ஒரு சொட்டு நீலத்தில் சோதித்துப் பார்த்த பிறகே பேசிய இந்த மனிதரிடம் நாம் கற்றுக்கொள்ள நிறையவே இருக்கிறது.