கப்பல் தேடி வந்த வழக்கறிஞர்

மும்பைத் துறைமுகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்நகர் பம்பாய் என வழங்கிய காலத்தில், கப்பல் ஒன்றை விலைக்கு வாங்குவதற்காகத் தமிழர் ஒருவர் இங்கு வந்தார். அவர் வணிகர் அல்லர், மாலுமியும் அல்லர். தூத்துக்குடியில் வழக்காடிவந்த வழக்கறிஞர். வ. உ. சிதம்பரனார் என்பது அவர் பெயர். தாராவித் தமிழருள் பலருடைய முன்னோர்க்குச் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. சிதம்பரனாரும் அச்சீமையினரே. அவர் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார்.

வழக்கறிஞர் ஒருவருக்குக் கப்பல் எதற்கு? அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆட்களும் சரக்கும் ஓயாமல் சென்றுவந்தன. பிழைப்புத் தேடி இலங்கைக்குச் சென்ற எளியோரும் அவ்வழியே சென்றனர். அவ்வழியில் கப்பல் விட்டுப் பெரும்பொருள் ஈட்டியது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம். 1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. அயல்நாட்டுத் துணியைத் துறப்பது மட்டும் போதாது, கடல் வாணிகத்தையும் மீட்க வேண்டும் எனச் சிதம்பரனார் கருதினார். திலகரைத் தம் அரசியல் குருவாகக் கொண்டவர் அவர்.

1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 8,000 பங்குகளை வாங்கினார். ஆனால் சங்கத்திற்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் நிறுவனம் ஒன்றிடமிருந்து கப்பல்களை வாடகைக்கு எடுத்தனர். ஆங்கில நிறுவனத்தின் நெருக்குதலால் அந்த ஏற்பாடு முறிந்தது. அதன்பின் கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்தினார்கள். வாடகைக் கப்பலை நம்பினால் தொழில் நிலைக்காது என்பது தெளிவாயிற்று. ஆகவேதான் சிதம்பரனார் பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மகன் நோயுற்றிருந்தும், திரும்பினால் கப்பலோடுதான் திரும்புவது என உறுதி பூண்டு சென்றார் என்பர்.

அவர் சொன்னபடியே 1907-இல் காலியா என்னும் கப்பல் தூத்துக்குடியை அடைந்தது. லாவோ என்னும் மற்றொரு கப்பலும் வந்து சேர்ந்தது. எதிர் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. இலவசமாக ஏற்றிச் செல்லவும், அதற்குமேல் குடை ஒன்றைப் பரிசளிக்கவும் முன்வந்தது. குடையை வேண்டாமென்று சுதேசிக் கப்பலுக்குக் காசு கொடுத்து ஏறியவர்கள் இருந்தார்கள் என்பதே அந்நாளின் வியப்பு.

1908-ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்று வெற்றி தேடித் தந்தனர். அரசு பொறுக்கவில்லை. மார்ச் 12-இல் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சிதம்பரனாருக்கு 40 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகளுக்குப் பின் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினர். அத்துன்பத்திடையிலும் அவர் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை மனம்போல வாழ்வு எனத் தமிழாக்கினார்.

செக்கிழுத்த செய்தியோடு கதையை முடித்துவிடுவோர் பலர். அவர் விடுதலை பெற்றபின் 24 ஆண்டுகள் வாழ்ந்தார், அவ்வாழ்வும் அறியத்தக்கது. 1912 டிசம்பரில் அவர் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தபோது வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. சிறையில் தொழுநோய்க்கு ஆளான சிவா வந்து நின்றார். நாவாய்ச் சங்கம் முன்னரே கலைக்கப்பட்டிருந்தது. காலியாவைப் போட்டி நிறுவனமே வாங்கிக்கொண்டது என்பர். வழக்காடும் உரிமமும் பறிபோயிருந்தது.

சென்னையில் அவர் சிறுகடை நடத்தினார், வறுமை விடவில்லை. அவருடைய குடும்பத்துக்கென்று தென்னாப்பிரிக்கத் தமிழர் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் அளித்திருந்தனர். உங்களைப் போலவே தாயகம் விட்டு அயலகத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். 347 ரூபாய் 12 அணாவாகிய அத்தொகைக்காகச் சிதம்பரனார் பலமுறை கடிதம் எழுத நேர்ந்தது. 1916-ஆம் ஆண்டில்தான் அது அவர் கைக்கு எட்டியது. இத்தனை இடர்களுக்கிடையிலும் திருக்குறளின் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையைத் தேடிப் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையையும் அச்சேற்றினார். தம் வாழ்க்கை வரலாற்றையும் செய்யுளாகவே பாடினார்.

வாலேசு என்னும் ஆங்கில நீதிபதி வழக்கறிஞர் உரிமத்தை மீட்டுத் தந்தார். அந்நன்றியை மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயர் எல்லாரையும் வெறுத்தவரல்லர். கோவில்பட்டியில் மீண்டும் வழக்காடிய அவர், இறுதிக்காலத்தில் தூத்துக்குடிக்கே திரும்பினார். அவர் எழுதிவைத்த உயிலில், கடைகளுக்குத் தாம் தரவேண்டிய கடன்களையும் குறித்திருந்தார். 1936 நவம்பர் 18-ஆம் நாள், தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் உயிர் நீத்தார்.