இருபது வயதில் டெபியன் தந்த இயன் மர்டாக்



நம் கம்ப்யூட்டர் லேபில் அடிக்கடி காதில் விழும் கேள்விகள் இரண்டு. எந்த லினக்ஸைப் போடறது? காசு கட்டி லினக்ஸ் சர்டிபிகேட் பரீட்சை எழுதினா வேலை கிடைக்குமா? எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். அந்தப் பரீட்சைக் கட்டணம் என் அப்பாவின் பல நாள் கூலி. அதனால் இரண்டாவது கேள்வி எனக்கு விளையாட்டல்ல. இதற்கு விடை தேடியபோதுதான் இயன் மர்டாக்கின் வாழ்க்கையைப் படித்தேன்.

இயன் மர்டாக் 1973 ஏப்ரல் 28-ல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்த அமெரிக்கர். பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்தக் காலத்தில் லினக்ஸ் வேண்டுமென்றால் பிளாப்பி பிளாப்பியாக ஏற்ற வேண்டும். பலரும் பயன்படுத்திய எஸ்.எல்.எஸ். என்ற தொகுப்பில் பிழைகள் மலிந்திருந்தன. நம்மைப் போன்றவர்கள் திட்டிவிட்டு விட்டுவிடுவோம். அவரோ தானே ஒன்றைச் செய்யப் புறப்பட்டார். 1993 ஆகஸ்ட் 16-ல் டெபியனை அறிவித்தபோது அவருக்கு வயது இருபதுதான்! பின்னாளில் மனைவியான டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது.

1993-ல் டெபியனின் கொள்கை அறிக்கையை எழுதினார். மென்பொருள்களைத் திரட்டி, பிழை நீக்கி, ஒன்றாகக் கட்டித் தருவது யாருக்கும் பிடிக்காத சலிப்பான வேலை. அதைப் பலர் கூடி, எல்லோர் கண்ணெதிரிலும், பொறுப்பாகச் செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். 1994-ல் டிபிகேஜி என்ற நிறுவும் கருவியின் முதல் வடிவத்தை எழுதினார். இன்றும் அந்தக் கருவிதான் அடியில் வேலை செய்கிறது. அதற்கு மேலே நாம் ஆப்ட் கட்டளை கொடுக்கிறோம்.

டெபியனில் மூழ்கினாலும் படிப்பை அவர் விட்டுவிடவில்லை. 1996-ல் தலைமைப் பொறுப்பை புரூஸ் பெரன்ஸிடம் ஒப்படைத்தார்; அதே ஆண்டு பட்டமும் பெற்றார். பிறகு சொந்தமாகக் கம்பெனி நடத்தினார். 2007-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் சேர்ந்தார். 2015 டிசம்பர் 28-ல், 42 வயதில் மறைந்தார். 2017-ல் வந்த டெபியன் 9 பதிப்பை அவருக்கே காணிக்கையாக்கினார்கள். 2004-ல் வந்த உபுண்டுவும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் மரத்தின் கிளைகளே.

இனி நம் கேள்விகளுக்கு வருவோம். டிஸ்ட்ரோ பெயர்கள் நூறு இருந்தாலும் பெரிய குடும்பங்கள் இரண்டு. ஒன்று டெபியன், மற்றொன்று ரெட் ஹேட். ஒன்றில் கை நன்றாகப் பழகினால் மற்றதில் மாறுவது பெரும்பாலும் பேக்கேஜ் கட்டளைகளும் சில கோப்புகளின் இடமும்தான். மாசத்துக்கு ஒரு டிஸ்ட்ரோ மாத்தறதால் படிப்பு வராது. பழைய மெஷினாக இருந்தால் பரவாயில்லை, டெபியனைப் போட்டு ஒரு வருஷம் அதிலேயே இருங்கள்.

சர்டிபிகேட்? ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. பரீட்சையில் டிக் அடிக்க முடியாது. மெஷினில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். அதற்கு ஆயுள் மூன்று வருஷம். எல்.பி.ஐ.சி. 1-க்கு இரண்டு தாள், இரண்டு குடும்பத்துக் கட்டளைகளும் வரும், ஆயுள் ஐந்து வருஷம். இரண்டின் பாடத்திட்டத்தையும் இலவசமாகவே படிக்கலாம். ரெட் ஹேட்டுக்குப் பழக ராக்கி, அல்மா என்ற இலவச டிஸ்ட்ரோக்கள் இருக்கின்றன.

மர்டாக்கை உலகம் அறிந்தது பட்டத்தால் அல்ல, வேலையால். ஆனாலும் அவர் பட்டத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. சிபாரிசு செய்ய ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளான நமக்கு, கம்பெனி வாசலைத் திறக்கக் காகிதமும் தேவைதான். ஆகவே நான் எடுத்த முடிவு இது: முதலில் டிப்ளமோவை அரியர் இல்லாமல் முடிப்பது. பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு வேலையையும் புத்தகம் பார்க்காமல் செய்ய வந்த பிறகு, அதுவும் நான் போக நினைக்கும் கம்பெனிகள் கேட்டால் மட்டும், அப்பாவிடம் பணம் கேட்பது.

நண்பர்களே, இருபது வயதில் ஒருவர் செய்து காட்டினார். நமக்கும் அந்த வயது பக்கத்தில்தான் இருக்கிறது!